கடைசி பெஞ்சு வரைக்கும் ஒரு மாண்டலின்

வாத்தியம் செய்யற ஊட்டுல பாட்டுக் கேக்காதுங்க; தட்டற சத்தம், சுரண்டற சத்தம், அப்புறம் "எப்பங்க ஆகும்?"னு கேக்கற சத்தம், இதுகதான் கேக்கும். தையக்காரரு, கடியாரம் பாக்கறவரு, தட்டாரு, இன்னொருத்தரு பொருளை மடியில வெச்சுட்டு முழிச்சுட்டு இருக்கற நம்மளாட்டப்பட்ட அத்தனை பேருக்கும் இது தெரியும். உங்ககிட்டச் சொல்லாம நான் வேற யாருகிட்டப் போய்ச் சொல்லி அழுவறது?

நம்ம கடை கோயமுத்தூரு டவுன்ஹாலுக்குப் பின்னால ஒரு சந்துல இருந்துச்சு. நான் ஆசாரி. ஹார்மோனியப் பெட்டி, வீணை, தம்புரா, எது ஒடைஞ்சு வந்தாலும் பாத்துக் குடுப்பேன். கூட்டாளி இசுமாயில் ராவுத்தரு, கோட்டைமேட்டுக்காரரு. கல்யாணக் கட்டில்ல மயிலு, கொடி, யாளின்னு செதுக்கறவரு. தான் மயிலு செதுக்கினா மழை வரும்னு அவரே சொல்லிக்குவாரு. வாய் அத்தனை நீளம், ஆனா கை அதுக்கும் மேல. எனக்குக் கோவம் மூக்கு மேல, அவருக்கு நாக்கு மேல. இப்படி ரெண்டு பேரு ஒரே கூரைக்குக் கீழ இருந்து, அடிச்சுக்காம ஒரு மாண்டலின் செஞ்சு முடிச்சோம்னா அதே பெரிய சங்கதிதானுங்க.

வயிறு ஊதின கிடாரு

ஆனைமலைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டுத் தொரை ஒருத்தரு, தன்ற கிடாரை பட்லர்கிட்டக் குடுத்தனுப்பியிருந்தாரு. கழுத்து ஆடுது, சரி பண்ணிக் குடுக்கோணும்னு சேதி. பெட்டியைத் தொறந்தேன், பகீர்னு ஆயிப்போச்சு. அதுவரைக்கும் நான் பாத்த கிடாரெல்லாம் முன்பலகை தட்டையா, நடுவுல வட்டமா ஓட்டையோட இருக்கும். இது என்னடான்னா முன்னாலயும் பின்னாலயும் மேடு தட்டிக் கெடக்குது. வட்ட ஓட்டையும் இல்லை. பிடிலுக்கு இருக்கறாப்பல ரெண்டு பக்கமும் வளைஞ்ச கீறல். வால்பாறை மழை உங்களுக்குத் தெரியாததா? அங்க தீப்பெட்டியே ஊறிப்போகும். மரம் ஈரம் குடிச்சு ஊதிப்போச்சுன்னு நானே முடிவு பண்ணிப்போட்டேன்.

வெயில்ல காட்டினேன். துணியை மடிச்சுப் போட்டு, அதும்மேல என்ற ஊட்டு அம்மிக்கல்லைத் தூக்கி வெச்சேன். ஊட்டுக்காரி "அம்மி எங்கீங்க, நான் எதுல அரைக்கறது?"ன்னு கத்தறா. "கம்முனு இரு, தொரை கிடாருக்கு வைத்தியம் நடக்குது"ன்னு நான் திருப்பிக் கத்தறேன். கல்லு இருந்து இருந்து பாத்துச்சு, மேடு நெல்லு மொனையளவுக்குக்கோட எறங்கலை. வெகு கெட்டியான ஊத்தம்னு நெனைச்சுக்கிட்டு இன்னொரு கல்லுக்கு எந்திரிக்கறேன், அந்தச் சமயத்துல பட்லரு உள்ள வந்துட்டாரு. கிடாரையும் பாத்தாரு, அம்மியையும் பாத்தாரு. சிரிக்கக்கோட இல்லீங்க அந்த மனுசன், ரொம்ப மரியாதையாச் சொன்னாரு:

"ஆசாரியாரே, கல்லை எடுத்துப்போடுங்க. அது ஊதினதில்லீங்க, பொறப்பே அப்படித்தான். எங்க தொரை வயிறும் அப்படித்தானுங்க, அதுக்கு ஒருத்தரும் அம்மி வெக்கறதில்லை."

ராவுத்தரு கையை உட்டுப் பாத்தாரு

கழுத்து ஆடறது போக, பின்பலகை ஒட்டும் விட்டிருந்துச்சு, அதனால கிடாரைத் தொறக்கற வேலையாப் போச்சு. தொறந்ததும் ராவுத்தரு உள்ள கையை உட்டுத் தடவினாரு. தடவத் தடவ மொகம் மாறிப்போச்சு. "இது வளைச்ச பலகையில்லை ஆசாரியாரே. கட்டி மரத்தை வெளியிலயும் உள்ளயும் கொடைஞ்சே எடுத்திருக்கான்"னாரு. நானும் தடவிப் பாத்தேன். நடுவுல கனம், ஓரம் போகப் போக மெலிசு, ஒட்டற விளிம்புல மறுக்காவும் கனம். யாரு கண்ணும் போகாத உள்பக்கத்துல ஒரு உளித் தடம் கெடையாது. பலகைக்கு உள்ள நீளவாக்குல ரெண்டு குச்சி ஒட்டியிருந்துச்சு, அதுகளையும் பலகையோட வளைவுக்குத் தக்கனயே செதுக்கியிருந்தாங்க.

அப்பத்தானுங்க எனக்கு வெளங்குச்சு. தட்டைப் பலகையில கம்பியை இறுக்கினா பலகை அமுங்கிப் போகும். இந்த மேடு பாலத்து வளைவாட்டப் பாரத்தைத் தாங்கிக்கும். எத்தனை இறுக்கினாலும் எதுத்து நிக்கும், சத்தத்தை முன்னால தள்ளும். இதும்மேலயா அம்மியைத் தூக்கி வெச்சோம்னு எனக்கு மானம் போச்சு. ராவுத்தரு இன்னொருத்தரு வேலையை மெச்சி நான் கேட்டதே இல்லீங்க. கோயில் தூணைக் காட்டினாலும் "பரவாயில்லை"ம்பாரு. அன்னைக்குப் பீடியைப் பத்த வெக்காம கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் சொன்னாரு:

"எவனோ, எந்த ஊரோ, என்னையாட்டவே திமிரு புடிச்சவன். சோத்துக்குக் கூப்புட்டாக்கோட எந்திரிச்சுப் போயிருக்க மாட்டான். அவன் கைக்கு ஒரு சலாம் ஆசாரியாரே."

ரத்தினம்மா கேட்ட சத்தம்

ரத்தினம்மா நம்ம ஊருல கொட்டாய் போட்டிருந்த நாடகக் கம்பெனியில மாண்டலின் வாசிக்கறவங்க. போத்தனூரு ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஒரு சட்டைக்காரம்மா, அதுதாங்க ஆங்கிலோ இந்தியக்காரம்மா, ஊட்டுல வேலைக்கு இருந்தப்ப, அந்தம்மாகிட்டயே கத்துக்கிட்ட வித்தை. ரத்தினம்மா மாண்டலின் பழைய தினுசு. பின்பக்கம் பூசணியைப் பாதியா அறுத்தாப்பல இருக்கும். கேக்கறதுக்கு இனிப்புத்தான், ஆனா சன்னம். கொட்டாயில மைக்காவது ஒண்ணாவது? ஹார்மோனிய வாத்தியாரு துருத்தியைப் போட்டு அமுக்கினாருன்னா பக்கத்துல இருக்கற டோலக்கே திணறும். ரத்தினம்மா வாசிக்கறது மொத வரிசையைத் தாண்டாது.

அன்னைக்குக் கம்பி வாங்கறதுக்கு வந்திருந்தாங்க. மொகம் வாடிக் கெடந்துச்சு. என்ன அம்மணின்னு கேட்டதும் கொட்டிப்போட்டாங்க. தைப் பொங்க நோம்பி கழிஞ்சு புது நாடகம் ஏறுதாமா. அதுல மாண்டலின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கோணும், கேக்கலீன்னா வாசிப்பை உட்டுப்போட்டு உடுப்புப் பெட்டியைப் பாத்துக்கன்னு மேனேஜரு சொல்லிப்போட்டாராம். ராசா சட்டையை மடிக்கறது, ராணி சேலையைக் காயப் போடறது, அவ்வளவுதான் மிச்சம். சொல்லிட்டு இருக்கறப்பவே வேலை முடிஞ்சு செவுத்துல மாட்டியிருந்த தொரை கிடாரைப் பாத்தாங்க. "தொட்டுப் பாக்கட்டுங்களா?"ன்னு கேட்டாங்க. ஒரே ஒரு கம்பியைச் சுண்டினாங்க. எதுத்த கடைப் பாத்திரச் செட்டியாரு தராசைக் கீழ வெச்சுப்போட்டுத் திரும்பிப் பாத்தாரு. ரத்தினம்மா கண்ணுல தண்ணி கட்டிப்போச்சு.

"இந்தச் சத்தம் எனக்கு வேணுமுங்க ஆசாரியாரே. உடுப்பு மடிக்கறதுக்கா இந்தக் கையை நான் பழக்கினேன்?"

பலாவுல செஞ்ச மொதல் மாண்டலின்

அந்தக் கிடாராட்டவே மேடாக் கொடைஞ்சு ஒரு மாண்டலின் செஞ்சு தாரோம்னு ஒத்துக்கிட்டாச்சு. ராவுத்தரு தொடையைத் தட்டிட்டு நல்ல பலாக் கட்டையா எடுத்தாந்தாரு. நான் சொன்னேன், தொரை கிடாருல முன்பலகை வெளுப்பு மரமுங்க, லேசு, கோடு கோடா நேரா ஓடுது, அதையப் பாத்துத் தேடுவோமுன்னு. "வீணை பலா, தம்புரா பலா. சீமைக்காரனுக்குப் பலா கெடைக்கலை, அவன் என்ன பண்ணுவான் பாவம்"னாரு. எனக்கும் அது சரின்னே பட்டுச்சுங்க. நம்ம ஊருல ஆசாரியாப் பொறந்தவன் எவனுக்கும் அப்படித்தான் படும்.

அமாவாசைக்கு நான் உளி தொடமாட்டேன், வெள்ளிக்கிழமை அவரு தொழுகைக்குப் போயிருவாரு. மிச்ச நாளெல்லாம் கொடைஞ்சோம். அடேங்கப்பா, என்ன அழகுங்க! மஞ்சள் பூசினாப்பல மினுமினுன்னு இருந்துச்சு. ஓரத்துல ராவுத்தரு மயிலு வேற செதுக்கிப்போட்டாரு. கம்பி மாட்டிச் சுண்டினேன். டொக்குன்னுச்சு. மறுக்காச் சுண்டினேன், மறுக்காவும் டொக்கு. ராவுத்தரு என்னையப் பாக்கறாரு, நான் அவரைப் பாக்கறேன். ரத்தினம்மா மூலையில நின்னுட்டு, எங்க மனசு நோகக்கூடாதுன்னு "நல்லாத்தானுங்க இருக்குது"ங்கறாங்க. காப்பி கொண்டாந்த என்ற ஊட்டுக்காரிதான் தேங்காய் ஒடைச்சாப்பல சொன்னா:

"ஏனுங்க, பழுத்திருக்குதான்னு பலாப்பழத்தைத் தட்டிப் பாக்கற சத்தமாட்டவே இருக்குதுங்களே. இன்னம் பழுக்கலை போல."

கட்டுத்தாரையில கெடைச்ச மரம்

வெளுப்பு மரம், லேசு மரம், நேரா கோடு ஓடற மரம். எங்க போறது? ஒரு நாளு பீளமேட்டுப் பக்கம் போறப்ப மில்லு வாசல்ல சீமையில இருந்து மெசின் வந்த பெட்டிக ஒடைஞ்சு கெடந்துச்சு. சும்மா போறவன் கை சும்மா இருக்குமா, ஒரு சில்லைத் தட்டினேன். கிணுக்குன்னுச்சு! ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்க. ஆனா அதெல்லாம் மெலிசுப் பலகை, கொடையறதுக்குப் பத்தாது. மெசின் காலைத் தாங்கின கனத்த அடிப்பலகையெல்லாம் கெணத்துக்கடவுல ஒரு கவுண்டரு மாடு கட்டற கட்டுத்தாரைக்கு வாங்கிட்டுப் போயிட்டாருன்னு வாசல்ல இருந்த ஆளு சொன்னாரு.

போனேன். கவுண்டரு ஊட்டுல ஆளு இல்லை போலிருக்குதுன்னு நேரா மாட்டுக்கிட்டப் போயித் தடுப்புப் பலகையை ஒவ்வொண்ணாத் தட்டிக் காதை வெச்சுக் கேட்டுட்டு இருக்கறேன். பின்னால "ஏனுங்க, மாட்டுக்குச் சொகமில்லீங்களா?"ன்னு ஒரு கொரலு. கவுண்டரு. வெவரம் சொன்னேன். ரத்தினம்மா கதையையும் சொன்னேன். அதைக் கேட்ட கவுண்டரு ஊட்டுக்காரங்க, "மொதல்ல கையைக் களுவுங்க கண்ணு, சாப்புட்டுப்போட்டுத்தான் பலகைப் பேச்சு"ன்னு சொல்லி எலையைப் போட்டுட்டாங்க. அரிசியும் பருப்பும் சோறு, மேல நெய்யி. சாப்புட்டு வந்தா, நல்ல கோடு ஓடின பலகையா அவரே கழட்டி, சாணியைக் களுவி வெயில்ல சாத்தியிருக்கறாரு. அந்த எடத்துக்கு வேற பலகை நான் அடிச்சுத் தாரேன்னேன், வேண்டாம்னுட்டாரு. வண்டி ஏத்தி உட்டப்ப ரொம்ப ரோசனையாச் சொன்னாரு:

"சங்கீத மரத்துலயா எங்க எருமை இத்தனை நாளா முதுகு சொறிஞ்சுது? அதுதான் கறக்கறப்ப அத்தனை ரவுசு பண்ணுதுங்க."

வஜ்ஜிரம் காச்சின வெள்ளிக்கிழமை

இது சின்னச் சங்கதி. பலகையைப் பொஸ்தகம் விரிச்சாப்பல ரெண்டாப் பொளந்து, நடுவுல சேத்து ஒட்டோணும். அதுக்கு வஜ்ஜிரம் காச்சினேன். மாட்டுத் தோலையும் எலும்பையும் காச்சி எடுக்கற பசை அது, வேற எந்தப் பசையும் நம்ம வேலைக்கு ஆகாது. ராவுத்தரு தொழுகைக்குப் போயிருந்தாரு. சந்து பூராவும் நாத்தம். எதுத்த கடைச் செட்டியாரு சுத்த சைவம், அதுவும் வெள்ளிக்கிழமை. மூக்கைப் புடிச்சுட்டு ஓடியாந்தாரு. என்ன கொழம்புங்க இதுன்னாரு. கொழம்பில்லீங்க, மாண்டலின் ஒட்டறதுக்குங்கன்னேன். வீணைக்கும் பிடிலுக்குங்கோட இதுதானுங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். கையெடுத்துக் கும்புட்டுத் தடுத்துப்போட்டாரு.

"அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க ஆசாரியாரே. சாயங்காலம் நான் சரசுவதி படத்துக்குப் பூப்போடோணும்."

உளிப் பை

முதுகுக்கு டொக்குன்ன அந்த மொதல் மாண்டலின்ல இருந்து கழட்டின பலாவே போதும்னு தீந்துச்சு, ராவுத்தரு மானமும் பொழைச்சுது. கழுத்துக்குத் தோதகத்தி, அதுதாங்க ஈட்டி மரம். முன்பலகைதான் உசுரு. ராவுத்தரு வெரல் நீளத்துக்கு ஒரு பித்தளை இழைப்புளி, அடி வளைஞ்சாப்பல, பட்டறையில வார்த்து வாங்கியாந்தாரு. அதுல சீவறது, ரெண்டு வெரல்ல பலகையைத் தொங்க உட்டுத் தட்டறது, காதோரம் வெச்சுக் கேக்கறது, மறுக்காச் சீவறது. கனமா இருந்தா சத்தம் ஊமை. ரொம்ப மெலிஞ்சா கம்பி இறுக்கின அன்னைக்கே அமுங்கிப்போகும். எங்க நிறுத்தறதுங்கறதுதான் வித்தை. சீவினதைத் திருப்பி ஒட்ட முடியாதுங்களே! கவுண்டரு ஊட்டுலயும் அப்படிப்பட்ட பலகை இன்னொண்ணு கெடையாது.

போதும்னேன் நான். இன்னம் ஒரு சீவல்னாரு அவரு. எனக்குக் கோவம் வந்துபோச்சு. "ஓய், மயிலு செதுக்கற கட்டிலில்லை இது, ஒரு பொம்பளை பொழைப்பு"ன்னு கத்திப்போட்டேன். "எனக்குத் தெரியாதா, அதுக்குத்தானே உசுரைக் குடுக்கறேன்"னு அவரும் கத்தறாரு. சண்டையில ரத்தினம்மா வந்ததையே நாங்க பாக்கலை. சத்தங்காட்டாமப் பலகையை எடுத்தாங்க, தட்டினாங்க. தட்டின சுரத்தை வாய்க்குள்ளயே பாடிப் பாத்தாங்க. மறுக்காத் தட்டினாங்க, கண்ணை மூடிட்டு நின்னாங்க. அப்புறம் ராவுத்தரோட உளிப் பையை எடுத்தாங்க. அந்தப் பையை அவரு சொந்தத் தம்பியே தொட்டதில்லீங்க. அதைய மடியில வெச்சு, ரெண்டு கையையும் அதும்மேல போட்டு உக்காந்துட்டாங்க. ராவுத்தரு நின்னாரு, உக்காந்தாரு, தாடியைத் தடவினாரு. கடைசியில என்ற காதுகிட்டக் குனிஞ்சு சொன்னாரு:

"பாடுதுன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, உட்டுருவோம். ஆனா பையை நீங்களே கேட்டு வாங்கிக் குடுங்க, எனக்குப் பயமா இருக்குது."

தகரக் கொட்டாய்

புது நாடகம் ஏறின அன்னைக்குப் பொழுதோட நாங்க ரெண்டு பேரும் கொட்டாயில கடைசி பெஞ்சுல போயி உக்காந்தோம். பக்கத்துல காரமடைக்காரரு ஒருத்தரு வெத்தலை போட்டுட்டு இருந்தாரு. ஹார்மோனியம் முழங்குச்சு, டோலக்கு முழங்குச்சு, சனம் விசிலடிச்சுது. மாண்டலினைக் காணோம். ராவுத்தரு என்ற தொடையைப் புடிச்சு நெரிக்கறாரு. நாங்க தோத்தா எங்களுக்கு என்னங்க, நாளைக்கு வேற ஹார்மோனியப் பெட்டி வரும். அந்தம்மாவுக்குத்தான் உடுப்புப் பெட்டி. நடுவுல மேனேஜரு எந்திரிச்சு வந்து எங்க முதுகுக்குப் பின்னால நின்னாரு, காதுகிட்டக் கையைக் குவிச்சுட்டு.

ராசா காட்டுல தனியா நின்னு அழுவற கட்டம். ஹார்மோனியம் சுருதியை மட்டும் புடிச்சுட்டு அடங்குச்சு. அப்ப வந்துச்சுங்க அந்தச் சத்தம். தகரத்துல மொத மழை விழுந்தாப்பல, ஒவ்வொண்ணும் தனித்தனியா, அத்தனை தலையையும் தாண்டி எங்ககிட்ட வந்துச்சு. காரமடைக்காரரு மெல்லறதை நிறுத்திப்போட்டு, "அதாருங்க வாசிக்கறது?"ன்னு எந்திரிச்சு எட்டிப் பாத்தாரு. மேனேஜரு காதுல இருந்து கையை எடுத்துப்போட்டாரு. கேட்டுல நின்ன ஆளைக் கூப்புட்டு, "உடுப்புப் பெட்டிக்கு வேற ஆளு பாக்கோணும்பா"ன்னு சொல்லிட்டே போனாரு. ராவுத்தரு தேம்பித் தேம்பி அழுதுட்டாருங்க. நான் மட்டும் என்ன, துண்டை வாயில வெச்சு அமுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்.

தெரை எறங்கினதும் மேடைப் பக்கவாட்டுக்கு ஓடினோம். எங்களுக்கு முந்தி ராசா வேசக்காரரு, கிரீடத்தைக் கக்கத்துல இடுக்கிட்டு, சாயம் வழிய வந்து நின்னாரு. "ரத்தினம், நான் அழுவற எடத்துல சனம் பூராவும் உன்ற பக்கம் திரும்பிப்போச்சு. கொஞ்சம் மெதுவா வாசி"ன்னு கடுகடுன்னு சொல்லிப்போட்டுப் போனாரு. ரத்தினம்மா மனசுல அடிபட்டுப்போச்சோன்னு எனக்குப் பதறுது. மாண்டலினை ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுப் புடிச்சாங்க, அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துபோச்சு.

"கேட்டீங்களா ஆசாரியாரே? கொஞ்சம் மெதுவா வாசின்னுட்டாருங்க. என்ற ஆயுசுல என்னையப் பாத்து ஒருத்தரும் இதைச் சொன்னதில்லீங்க!"

அதுக்கப்புறம் எத்தனையோ வாத்தியம் செஞ்சு எத்தனையோ பேருகிட்ட மெச்சல் வாங்கிப்போட்டோம், ஆனா எங்க கடைக்கு வந்ததுலயே நல்ல புகாரு அந்த ராசா குடுத்ததுதானுங்க.